மூச்சு வாங்கிய இரைச்சல்

சகாயராணியின் கல்யாணத்தைப் பற்றி அனுமந்தன்பட்டியில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பாதர் மாப்பிள்ளை ஆண்டனி ராஜிடம் சம்மதம் கேட்டு வாங்கிக்கொண்டு, பெண் பக்கம் திரும்பி மைக்கை நீட்டினார். காலையிலிருந்தே மைக்கில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வந்திருந்த சனத்துக்கு அது பழகிப்போயிருந்தது. சகாயராணிக்குப் பழகவில்லை.

"ஒரு நிமிசம் பாதர்" என்றாள்.

பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்தைவிட்டு இறங்கி, பக்கவாட்டுக் கதவோரம் இருந்த மைக் செட் பெட்டிக்குப் போனாள். கீபோர்டின் பிளக்கை எங்கோ தூரத்துச் சுவரில் சொருகியிருந்தார்கள். அதை உருவி, மைக் செட் இருந்த அதே பலகையில் சொருகினாள். இரைச்சல் வெட்டினாற்போல் நின்றது. திரும்பி வந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, சுத்தமான மைக்கில் "சம்மதம் பாதர்" என்றாள்.

ஆண்டனி ராஜ் அப்போது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது கல்யாண வீடியோவில் இருக்கிறது. மாமியார் மதலேனாள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்கு மருமக வரலை, ஒயர்மேன் வந்திருக்கா" என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான்காவது மாதம் கிரைண்டர் நின்றுபோய், மருமகள் அதைக் கால்மணி நேரத்தில் ஓடவைத்தபிறகு அந்தப் பேச்சை விட்டாள்.

இதெல்லாம் நடந்து பதினாறு வருசம் ஆகிறது. சகாயராணிக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில், ஊருக்குள் திரும்புகிற முக்கில், தகரக்கூரை போட்ட கடை. 'ராணி ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று போர்டு. புருசன் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார், இவள் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். தேனி ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஆரம்பத்தில் ஹாரன், ஹெட்லைட், பேட்டரி என்றுதான் வேலை வந்தது. பிறகு பையன்கள் வண்டியில் எஃப்எம் பெட்டி மாட்டினார்கள், ஸ்பீக்கர் மாட்டினார்கள், ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்கிற இன்டர்காம் செட் மாட்டினார்கள். மாட்டிய கையோடு இரைச்சலும் வந்தது. மாட்டிக் கொடுக்கப் பத்துக் கடை இருந்தது. இரைச்சலை எடுக்க இவள் ஒருத்திதான். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும், வண்டியில் எவனுக்காவது காதுக்குள் கொர்ரென்றால், "ராணியக்காகிட்டப் போ" என்று ஆனது.

அவளுக்கு ஒரு குணம். வந்தவனை உடனே நம்பமாட்டாள், வண்டியைத்தான் நம்புவாள். "இன்ஜின் ஆஃப்ல இருக்கப்ப வருதா? ஆக்சிலேட்டரத் திருகுனா ஏறுதா? தலையத் திருப்புனா மாறுதா?" என்று மூன்று கேள்வி கேட்பாள். அதற்குள்ளேயே குற்றவாளி யாரென்று அவளுக்குப் பாதி தெரிந்துவிடும். தெரிந்ததை உடனே சொல்லவும் மாட்டாள். அதில் கொஞ்சம் விளையாட்டுக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருதடவை சின்னமனூர்க்காரன் ஒருவன் தன் ஸ்பீக்கர் ஜெர்மனியிலிருந்து வந்தது, இங்கே எவனுக்கும் அதன் நுணுக்கம் புரியாது என்று அரைமணி நேரம் அளந்தான். அவள் பெட்டியைக் கழற்றி, உள்ளே குடியிருந்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இதுவும் ஜெர்மனியா, இல்லை நம்ம ஊரா?" என்று கேட்டாள்.

போன தை மாதம் ஒரு காலையில் விஜயபாண்டி வந்தான். பண்ணைப்புரத்துக்காரன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பவன். முன்னூற்றைம்பது சிசி வண்டி, கைப்பிடியில் எஃப்எம் பெட்டி, ஆளுக்கொரு ஹெல்மெட், இரண்டிலும் இன்டர்காம். கல்யாணமாகி எட்டு மாதம். பின்னால் உட்கார்ந்திருந்தது அவன் மனைவி சிம்ரன். உத்தமபாளையத்தில் மருந்துக்கடையில் மருந்தாளுநர் வேலை. தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவது அவன்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே போகலாம் என்று ஆசையாக வாங்கிய செட்.

"ஒரே நாய்ஸ்க்கா" என்றான் விஜயபாண்டி. "இவ பேசுறது ஒண்ணுமே கேக்கலை."

"எனக்கு இவுக பேசுறது நல்லாக் கேக்குதுக்கா" என்றாள் சிம்ரன். "நான் பேசுறதுதான் இவுகளுக்குக் கேக்கமாட்டேங்குதாம்."

அந்த 'கேக்கமாட்டேங்குதாம்' என்பதில் ஓர் இழுவை இருந்தது. சகாயராணி அதைக் குறித்துக்கொண்டாள். ஆனால் முதலில் வண்டி.

விஜயபாண்டியின் ஹெல்மெட்டைத் தான் போட்டுக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தாள். காதுக்குள் 'ஙொய்ய்' என்று கொசு பாடியது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருகக் கொசுவின் குரல் ஏறியது, விட்டால் இறங்கியது. அப்படியானால் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற இடத்திலிருந்து வருவது. அதோடு சேர்ந்து 'டிக் டிக் டிக்' என்று இன்னொன்றும் ஓடியது. அது இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கிற சத்தம்.

கொசுவை முதலில் பிடித்தாள். எஃப்எம் பெட்டிக்கு எர்த்து ஒயரை வண்டியின் வாலுக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். ஹெல்மெட் செட்டுக்குச் சார்ஜ் கொடுக்கிற சார்ஜருக்கு எர்த்து கைப்பிடியில் இருந்தது. ஆளுக்கொரு மூலையில் எர்த்து எடுத்தால் இடையில் ஓடுகிற கரண்ட் காதில் பாடத்தான் செய்யும். இரண்டையும் கொண்டுவந்து பேட்டரியின் நெகட்டிவிலேயே ஒன்றாகச் சேர்த்தாள். கொசு செத்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், யாரோ இரைச்சலை அடக்குகிற ரெசிஸ்டர் இல்லாத பிளக்கை மாட்டியிருந்தார்கள். சரியானதை மாட்டி, பொறி ஒயருக்கு மேலேயே உட்கார்ந்திருந்த ரேடியோ ஒயரை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். டிக்டிக்கும் போனது. மைக் முனையில் காற்றுச் சத்தத்தைத் தடுக்கிற பஞ்சு இல்லாமல் இருந்தது, அதையும் போட்டுவிட்டாள்.

"இப்ப நீ ஏத்தத்துல போனாலும் சரி, எறக்கத்துல போனாலும் சரி, பொண்டாட்டி மூச்சு விடுறதுகூடக் கேக்கும்" என்றாள்.

விஜயபாண்டியின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை. "அப்படியாக்கா" என்றான். ஊசி போடவேண்டும் என்று டாக்டர் சொன்னதுபோல ஒரு முகம்.

ஐந்தாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள்.

"மறுபடியும் நாய்ஸ்க்கா" என்றான்.

"எப்படி வருது?"

"கர்ர்ர்ர்னு வருதுக்கா."

"இன்ஜின் ஆஃப்ல வருதா?"

"ஆஃப்லயும் வருது, ஆன்லயும் வருது."

"ஆக்சிலேட்டருக்கு ஏறுதா?"

"அது அதுபாட்டுக்கு வருதுக்கா, அதுபாட்டுக்குப் போகுது."

சிம்ரன் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சகாயராணி செட்டைப் போட்டுப் பார்த்தாள். ஓடையில் தண்ணீர் ஓடுவதுபோலச் சுத்தமாக இருந்தது. வண்டியைச் சுற்றிவந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மட்கார்டுக்குள் அப்பியிருந்த களிமண். பண்ணைப்புரத்திலிருந்து கோம்பை வழியாக உத்தமபாளையத்துக்கு வழவழவென்று தார் ரோடு இருக்கிறது. இவன் தினமும் எந்தச் சேற்றில் மனைவியைக் கூட்டிப்போகிறான்?

"ஓட்டிப் பாத்தாத்தேன் தெரியும்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் பின்னாடியே ஸ்கூட்டியில வந்து வேடிக்கை பாக்குறேன்."

அவன் வண்டியைத் திருப்பப் போன நேரத்தில், சிம்ரனின் காதோரம் குனிந்தாள். "தாயி, என் ஹெல்மெட்டையும் உங்க செட்டோட சேத்துவிடப் போறேன். நீங்க பேசுறது எனக்குக் கேக்கும். அவனுக்குத் தெரியவேணாம். எதைப் பேசுனா நாய்ஸ் வருமோ அதைப் பேசு."

சிம்ரனின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியது. "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான்.

விஜயபாண்டி மெயின் ரோட்டுக்கு வரவில்லை. வாய்க்கால் கரையோடு போகிற மண்பாதையில் திரும்பினான். இருபுறமும் திராட்சைப் பந்தல், நடுவில் இரண்டு வண்டிகள். சகாயராணி தன் மைக்கை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

"மாமா" என்றது சிம்ரனின் குரல், கண்ணாடி மாதிரி.

"என்னா சிம்ரன்?"

"வண்டி ஓட்டிப் பழக எனக்கு எல்எல்ஆர் போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கேனே. வர்ற வெள்ளிக்கிழமை போவமா?"

"கர்ர்ர்ர்ர்ர்ர்."

சகாயராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து ஆர்டிஓ ஆபீசுக்குப் போவம்னேன் மாமா."

"கர்ர்ர்ர்... என்னா சொல்ற... கர்ர்ர்ர்... ஒண்ணும் கேக்கலை சிம்ரன்... கர்ர்ர்ர்ர்ர்."

"உங்க லைசன்ஸ் காப்பி ஒண்ணு இருந்தா நல்லதாம்."

"கர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

சகாயராணி வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். இரைச்சல் மாறவில்லை. மின்கம்பிக்கு அடியில் போனபோதும் மாறவில்லை. ஆனால் ஏழு எட்டு நொடிக்கு ஒருதடவை அது நின்றது. நின்ற இடத்தில் 'ஹ்ஹூப்' என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடி 'கர்ர்ர்'. இருபது வருசமாக இரைச்சல் கேட்ட காது. பேட்டரி இரைச்சல் கேட்டிருக்கிறாள், பிளக் இரைச்சல் கேட்டிருக்கிறாள், பல்லி இரைச்சல்கூடக் கேட்டிருக்கிறாள். மூச்சு வாங்குகிற இரைச்சலை இப்போதுதான் கேட்கிறாள்.

"சரி, அதை விடுங்க" என்றாள் சிம்ரன். "ஞாயித்துக்கிழமை உங்க அத்தை வீட்டுல நாட்டுக்கோழி அடிக்கிறாகளாம்."

"எந்த அத்தை? கோம்பை அத்தையா?" என்றான் விஜயபாண்டி, ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"ஆமா. அங்கன போறதுக்கு முன்னாடி எல்எல்ஆர்..."

"கர்ர்ர்ர்... க்கும்... க்க்ஹ... க்ஹா..."

வாயைத் திறந்து வைத்துக் கர்ரென்று உறுமினால், திராட்சைத் தோட்டத்துப் பூச்சி சும்மா இருக்குமா? ஒன்று உள்ளே போய்விட்டது. இரைச்சலுக்கு இருமல் வந்து கமறியது. சகாயராணி சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி ஒருபக்கம் சாய்ந்தது. காலை ஊன்றி, வாய்க்காலில் விழாமல் பிழைத்தாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. விஜயபாண்டியின் ஹெல்மெட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மல்டிமீட்டரின் முனையைக் கைப்பிடியில் வைத்தாள், பெட்ரோல் டேங்கில் வைத்தாள், கடைசியில் அவனுடைய வாட்ச்சிலும் வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா காட்டுது?"

"கேசு கொஞ்சம் சிக்கல்தான் தம்பி. வண்டியில கரண்ட் தேங்கி நிக்குது. எறங்க வழியில்லாம மைக்கு வழியாக் கத்துது."

"அப்படியும் இருக்குமாக்கா?" என்றான் அவன். அவனுக்குத் தெரியும், அப்படி எதுவும் இருக்க முடியாது என்று. ஆனால் எப்படிச் சொல்வான்?

"லட்சத்துல ஒரு வண்டிக்கு வரும். மருந்து ரொம்ப லேசு. அந்தக் கர்ர்ர் எப்ப வந்தாலும் உடனே வண்டிய நிறுத்து. இன்ஜின ஆஃப் பண்ணு. எறங்கி, நூறடி தள்ளிக்கிட்டுப் போ. தேங்குன கரண்டு டயர் வழியாத் தரைக்கு எறங்கிரும். தள்ளாம அப்படியே ஓட்டுனேன்னு வையி, செட்டு எரிஞ்சு, காதும் போயிரும். ஆத்தா சிம்ரன், நீ சாட்சி. தள்ளுறானான்னு நீதான் பாக்கணும்."

"பாத்துக்கிறேன்க்கா" என்றாள் சிம்ரன் பவ்யமாக.

விஜயபாண்டி வண்டியைப் பார்த்தான். பெட்ரோலோடு இருநூறு கிலோவுக்குக் குறையாது.

மறுநாள் மத்தியானமே சிம்ரன் போன் செய்தாள். கோம்பைக்குப் பக்கத்தில் ஏற்றத்தில் போகும்போது, எல்எல்ஆர் என்ற சொல்லை மெதுவாக எடுத்து விட்டாளாம். பழக்க தோசத்தில் அவன் 'கர்ர்' என்றுவிட்டு, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டானாம். "மாமா, வந்துருச்சு, எறங்குங்க" என்று இவள் இறங்கி நின்றுவிட்டாள். அவன் ஏற்றத்தில் நூறடி தள்ளினான். எதிரே தங்கப்பாண்டியின் டீக்கடை. பெஞ்சில் பத்துப் பேர்.

"என்ன மாப்ள, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று தங்கப்பாண்டி கேட்டிருக்கிறார்.

"இல்லண்ணே. நாய்ஸ்" என்றிருக்கிறான் விஜயபாண்டி. பிறகு, ராணியக்கா சொன்ன வைத்தியத்தை அத்தனை பேருக்கும் விளக்கவேண்டியதாகிவிட்டது. சொல்லச் சொல்ல அவர்கள் தலையாட்டினார்களாம்.

மூன்று நாள் தள்ளினான். நான்காம் நாள், சிம்ரனை வேலையில் விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அந்த நாய்ஸ்..."

"சொல்லு."

"அது நான்தேன்க்கா."

"தெரியும். வாய்க்கா கரையிலேயே தெரியும். எந்த இரைச்சலும் பூச்சிய முழுங்காது." சகாயராணி சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ள வண்டி ஓட்டிப் பழகுனா உனக்கு என்னடா வந்துச்சு?"

"பழகட்டும்க்கா. எனக்கென்ன? ஆனா ஆர்டிஓ ஆபீசுக்குப் போனா, அங்கன இருக்கிற ஆளுக எல்லாம் என்னைய அடையாளம் கண்டுபிடிச்சிருவாக." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு லைசன்ஸ் இல்லக்கா."

"என்னது?"

"நாலு தடவ போனேன். எட்டுப் போடச் சொல்றாகல்ல, ரெண்டாவது வளைவுல எனக்குக் காலு தன்னால தரைக்குப் போயிருது. நாலாவது தடவ, அங்கன நின்ன ஒருத்தரு 'வாப்பா நாலுகாலு'ன்னு கூப்பிட்டாரு. அதோட விட்டுட்டேன். சிம்ரனைப் பொண்ணு பாக்கப் போனப்ப, அவுக அப்பா வண்டி நல்லா ஓட்டுவீகளான்னு கேட்டாக. கண்ணைக் கட்டிக்கிட்டே ஓட்டுவேன்னு சொல்லிப்புட்டேன்."

சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது தொண்டையோடு நின்றது. இப்போது சேற்றுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. போலீஸ் நிற்கிற ரோட்டை ஒதுக்கி, வாய்க்கால் பாதையிலேயே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறான்.

"ஏலே" என்றாள். விளையாட்டெல்லாம் போன குரல். "லைசன்ஸ் இல்லாம, பொண்டாட்டியப் பின்னாடி வச்சுக்கிட்டு ஓட்டுறியா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எழுந்துபோய் அவன் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தாள். மெயின் ஃபியூஸை உருவித் தன் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "லைசன்ஸக் காட்டு, ஃபியூஸ வாங்கிக்க. அதுவரைக்கும் டவுன் பஸ் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவகிட்ட நீயே சொல்லிரு. நான் சொல்லமாட்டேன்."

அவன் சொல்லிவிட்டான். சிம்ரன் இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தாள், பஸ்ஸில்.

"கத்துறது வாயாலதான்னு எனக்கு முதல் வாரமே தெரியும்க்கா" என்றாள். "எதுக்குன்னுதான் தெரியலை. நான் வண்டி ஓட்டிப் போறது பிடிக்காத ஆளோன்னு நினைச்சேன். அப்படி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டுட்டமோன்னு ஆறு மாசம் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே கெடந்தேன். கேட்டா, லைசன்ஸ் இல்லைங்கிறாக. தவளை மாதிரி ஆறு மாசம் கத்துனதுக்கு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் சகாயராணி. "தெரிஞ்சுதான் எங்கிட்டக் கூட்டியாந்தியா?"

"நானாச் சொன்னா மனசு ஒடஞ்சு போவாக. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுவீகன்னு நெனச்சேன். தள்ளவைப்பீகன்னு நெனைக்கலை." இதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். "நல்லா இருந்துச்சுக்கா."

அந்த வாரமே இரண்டு பேரும் எல்எல்ஆர் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் சகாயராணி கோலமாவால் பெரிதாக ஓர் எட்டு வரைவாள். பவுடர் டப்பாவிலிருந்து ஃபியூஸை எடுத்து மாட்டுவாள். பழகி முடிந்ததும் மறுபடி உருவிக்கொள்வாள். ஆண்டனி ராஜ் தோட்டத்திலிருந்து பழத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

சிம்ரனுக்கு மூன்று வாரத்தில் கை வந்துவிட்டது. விஜயபாண்டிக்குக் கால் தரைக்குப் போய்க்கொண்டே இருந்தது. சகாயராணி அவனையும் ஒரு வண்டி மாதிரியே சோதித்தாள். இடப்பக்க வளைவில் வருகிறதா, வலப்பக்க வளைவிலா? இரண்டிலும் வந்தது. மெதுவாகப் போனால்? வந்தது. "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க" என்று ஒருநாள் சத்தம் போட்டாள். ஆண்டனி ராஜ்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். விஜயபாண்டி எட்டுப் போட்டான். கால் கீழே வரவில்லை! தன் தோளுக்கு மேல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சகாயராணிக்குக் குற்றவாளி பிடிபட்டுவிட்டான். ஆள் பார்த்தால், இவன் தன் காலைத் தானே பார்க்கிறான். கண் காலுக்குப் போனதும், கால் தரைக்குப் போகிறது.

"சிம்ரன், செட்டை ஆன் பண்ணு" என்றாள். "எட்டுப் போடுறப்ப அவன்கிட்டச் சமையல் பேச்சுப் பேசு."

"மாமா, இன்னைக்கு நாட்டுக்கோழியா, அயிரை மீனா?" என்றாள் சிம்ரன்.

"அயிரைன்னா மண்சட்டியிலதேன் வைக்கணும்" என்று அவன் ஆரம்பித்தான். புளியைப் பற்றிச் சொல்லும்போது முதல் வளைவு முடிந்தது. மாங்காய் போடலாமா வேண்டாமா என்னும்போது இரண்டாவது. மூன்று எட்டு முடிந்த பிறகுதான் தன் கால் இன்னும் வண்டியிலேயே இருப்பதைக் கவனித்து, சந்தோசத்தில் தடுமாறி, வண்டியோடு கோலமாவில் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. முழங்கை மட்டும் வெள்ளையாகிவிட்டது.

தேர்வு நாளன்று ஃபியூஸை மாட்டி, சகாயராணியே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சிம்ரன் முதலில் போய், ஒரு கோடுகூட அழியாமல் போட்டுவிட்டு வந்தாள். அடுத்து விஜயபாண்டி. அன்றைக்கு இன்டர்காமைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்று சகாயராணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். செட்டு இல்லாமல் போனான். போகப் போக ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முணுமுணுவென்று சத்தம் வந்தது. எட்டை முடித்து வந்து நின்றவனிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யாரு கூடப்பா பேசிக்கிட்டே வந்த?"

"யாரும் இல்ல சார். கொழம்பு."

இன்ஸ்பெக்டர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஹெல்மெட்டை வாங்கி உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். ஒயர் ஒன்றும் இல்லை. "போ" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லைசன்ஸ் கைக்கு வந்த அன்று ஃபியூஸ் திரும்பிப் போனது. வாங்கியதும் விஜயபாண்டி அதைத் தானே மாட்டிவிட்டு, சாவியை மனைவியிடம் கொடுத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். மெயின் ரோட்டிலேயே போனார்கள்.

இத்தோடு சகாயராணி நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்குள் தங்கப்பாண்டியின் டீக்கடை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. 'வண்டி ரேடியோ இரைந்தால் நூறடி தள்ளு' என்ற வைத்தியம் கோம்பையில் கிளம்பி, உத்தமபாளையத்தைத் தாண்டி, கம்பம் வரைக்கும் போய்விட்டது. திலீபன் என்ற பால்காரர் கேன்களோடு தள்ளினார். தள்ளியபிறகு சத்தம் குறைந்ததாகச் சத்தியம் செய்தார். ஒருநாள் பத்து மணி வெயிலில், கடை வாசலிலிருந்து பார்த்த சகாயராணிக்குப் பகீரென்றது. ரிட்டயரான மரிய ஜோசப் வாத்தியார், ரேடியோ பொருத்திய தன் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பில் அவளுக்கே பாடம் எடுத்தவர்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் ஸ்பேனரையும் ஒயரையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"சார், தப்பு எம்மேலதான்" என்று நின்றபடியே சொன்னாள். "தள்ளுனா இரைச்சல் போகும்னு சொன்னது பொய்யி. ஒருத்தனுக்குப் புத்தி வரணும்னு விளையாட்டுக்குச் சொன்னேன். டயரு ரப்பரு சார். அது வழியாக் கரண்டு எறங்காது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டயர் ரப்பர்னு எனக்கே பாடம் எடுக்கிறியா? முப்பத்திரண்டு வருசம் பிசிக்ஸ் நடத்துனவன் நான்."

"அப்புறம் எதுக்கு சார் தள்ளுறீக?"

அவர் எட்டி வீட்டுக்குள் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலை இறக்கினார். "டாக்டர் தினமும் நடக்கச் சொல்லிட்டாக. வேலைவெட்டி இல்லாம ரோட்டுல கையை வீசிக்கிட்டு நடந்தா, போற வர்றவன் எல்லாம் 'எங்க சார் கெளம்பிட்டீக, சுகரா சார், எம்புட்டு சார்'னு உசுர வாங்குறான். ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டுப் போனா எவனும் கேக்குறதில்ல. 'நாய்ஸா சார்'ங்கிறான். 'ஆமாம்ப்பா'ங்கிறேன். வழிய விட்டுடறான். ஒன்றரை மாசத்துல சக்கரை நல்லாக் கொறஞ்சிருக்கு."

சகாயராணி கொண்டுவந்த ஸ்பேனரைப் பார்த்தாள், வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"அந்த ரேடியோ நிசமாவே இரையுதே சார். அஞ்சு நிமிச வேலை. எர்த்து மட்டும் மாத்திக் கட்டிட்டுப் போயிர்றேன்."

"அதத் தொட்டேன்னா கெட்ட கோவம் வரும்" என்றார் வாத்தியார். "உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ. எனக்குச் சக்கரை இல்லாம, உனக்குச் சக்கரை போட்டு."